கருக்கன்குளத்து நூறு கிலோமீட்டர்

அன்று காலை பத்து மணிக்குக் கருக்கன்குளம் ஊர் நூலகத்தில் இருந்தவர்கள் ஐவர். மின்வாகன நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநருமான கூத்தபெருமாள். அதன் செயலாளரும் தையற்காரருமான மிக்கேல்ராசு. அதன் ஒரே உறுப்பினரும் முறுக்கு வியாபாரியுமான வெள்ளத்தாய். அந்தக் குழுவால் ஓராண்டாகப் பாதுகாக்கப்பட்டுவந்த தங்கபுஷ்பம். இவர்களுக்கு நடுவே, எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதை இன்னும் உணராத கம்பெனிப் பரிசோதகர் நவநீதன். நூலகர் விடுப்பில் இருந்தார். அவர் எப்போதுமே விடுப்பில் இருப்பவர் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை.

தங்கபுஷ்பத்தின் பார்வை சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. அவளுடைய மின்சார ஆட்டோவின் பேட்டரிக்குக் கம்பெனி கொடுத்திருந்த ஓராண்டு உத்தரவாதம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டி, முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. பேட்டரி பழுது என்று நவநீதன் எழுதிக்கொடுத்தால் புதியது வரும். எழுதாவிட்டால் ஆட்டோ கோழி அடைகிற இடமாகிவிடும். அவள் பழையபடி பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருடம் பீடி சுற்றி, இருமி, சேர்த்து வாங்கிய வண்டி அது. இன்னொரு பீடிக்கு நூல் கட்டுவதில்லை என்று சபதம் செய்துவிட்டுத்தான் அதன் சாவியைக் கையில் வாங்கினாள்.

நியாயப்படி இது அரைமணி நேரத்தில் தீர வேண்டிய விவகாரம். தீராமற் போனதற்குக் காரணம், தங்கபுஷ்பம் பாதுகாக்கப்பட்டிருந்தாள் என்பதுதான்.

அவள் வண்டி வாங்கிய அதே வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தூய எரிசக்திக்கும் மின்வாகனத்துக்கும் மக்கள் மாறிவரும் இக்காலத்தில் ஊர்தோறும் நுகர்வோர் பாதுகாக்கப்பட வேண்டும். அதற்கென ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். விற்பனையாளர் கொடுத்த வாக்குறுதி நிறைவேறுவதைக் குழு உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. முத்திரை குத்திய தாளை மீறுகிற வழக்கம் கருக்கன்குளத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஊரில் மின்வாகனம் வாங்கியவள் ஒருத்திதான். ஆகையால் பாதுகாக்கப்பட வேண்டியவர் யார் என்பதில் குழுவுக்கு ஐயம் எழவில்லை. மிக்கேல்ராசு அவளுக்கு வெயில் படாமல் குடை பிடித்தார். வழுக்கும் என்று கிணற்றடிக்கு விடவில்லை. வெள்ளத்தாய் முறுக்குக் கூடையோடு அவள் வாசலில் மணை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்தாள்.

"என்னை எதுக்கு மதினி பாதுகாக்கீக? என்னை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அது எங்களுக்குத் தெரியாது. பாதுகாக்கணும்னு போட்டிருக்கு. யாருகிட்டயிருந்துன்னு போடல. அதனால எல்லாருகிட்டயிருந்தும் பாதுகாக்கோம்" என்றாள் வெள்ளத்தாய்.

வண்டியோடு ஒரு கையேடு வந்திருந்தது. "பயன்படுத்தும் முன் இக்கையேட்டை முழுமையாகப் படிக்கவும்" என்று அதன் அட்டையில் கண்டிருந்தது. கையேடு எட்டு மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பகுதி ஒரே காலையில் முடிந்துவிட்டது. மலையாளத்துக்கு வள்ளியூரிலிருந்து ஒரு நர்ஸைக் கூட்டிவந்தார்கள். இந்திக்குப் பானிபூரிக்காரர் ஒருவர் தம் தள்ளுவண்டியோடு வந்து, விற்பனைக்கு இடையில் இரண்டு நாள் உரக்கப் படித்தார். குஜராத்திக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை.

"தெரியாத பாஷைன்னு விட்டுட்டா அது முழுமையாகுமாவே?" என்று கேட்டார் கூத்தபெருமாள்.

ஆகாது என்று முடிவாயிற்று. ஆகவே பக்கத்துக்கு மூன்று நிமிடம் வீதம் மூவரும் அந்தக் குஜராத்திப் பக்கங்களை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி பத்தொன்பதாம் நாள் தெருவில் இறங்கியது.

முதல் சார்ஜில் அது தொண்ணூற்றேழு கிலோமீட்டர் ஓடி நின்றது. குடையோடு உள்ளே உட்கார்ந்திருந்த குழு இறங்கி நின்று, கிலோமீட்டர் காட்டும் திரையைப் பார்த்தது.

"மூணு குறையுதே அண்ணாச்சி" என்றார் மிக்கேல்ராசு.

"வாக்குறுதி நூறு" என்றார் கூத்தபெருமாள். "அது நிறைவேறுவதைக் குழு உறுதிசெய்யணும். கம்பெனிக்காரன் இங்க இருக்கானா?"

"இல்ல."

"நாம இருக்கமா?"

"இருக்கோம்."

"பின்ன என்னவே யோசனை? தள்ளும்."

மூன்று கிலோமீட்டர் தள்ளினார்கள். சாவி திருப்பியிருந்தால் திரை எரியும். சக்கரம் உருண்டால் அது எண்ணிக்கொள்ளும். உருட்டுவது யார் என்று விசாரிக்கிற வழக்கம் அதற்கில்லை. நூறு ஆனதும் மூவரும் கையை உதறிக்கொண்டார்கள். தங்கபுஷ்பத்துக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஏறியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்; தள்ளுகிறவர்கள் கூலி கேட்கவில்லை; இதை எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என எண்ணினாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

பேட்டரியோ மாதத்துக்கு மாதம் நலிந்தது. தள்ளவேண்டிய மூன்று பதினொன்றாயிற்று; பதினொன்று இருபத்தாறாயிற்று. செவ்வாய்ச் சந்தைக்குப் புறப்பட்டவர்கள் புதனன்று போய்ச் சேர்ந்து, காலியான சந்தைத் திடலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிற்பாடு எந்த வேலையும் இல்லாதவர்கள் மட்டுமே ஆட்டோவில் ஏறினார்கள்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளவேண்டி வந்தபோது குழு விசாரணைக் கூட்டம் போட்டது. கருக்கன்குளத்தைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. ஊர் மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறதென்பது ஊராரின் நம்பிக்கை.

"சார்ஜ் போட்டது எந்த மாசம் தாயி?" என்று கேட்டார் கூத்தபெருமாள்.

"தை மாசம் அண்ணாச்சி."

"அதான் சங்கதி. தையில ஏது காத்து? ஆனி ஆடியில பிடிச்ச கரண்டுன்னா முறுக்கா நிக்கும். இது அப்போ பிடிச்சு வச்சு, இப்போ நமுத்துப்போன கரண்டு."

"முறுக்கும் அப்படித்தான்" என்று வெள்ளத்தாய் அனுபவத்தோடு ஒத்துக்கொண்டாள். "டப்பாவை இறுக்கி மூடலன்னா மூணாம் நாளே நமுத்துரும்."

மறுநாளே ஊரிலுள்ள பிளக் துளைகள் அத்தனையையும் மிக்கேல்ராசு தம் கடைத் துண்டுத் துணிகளால் அடைத்தார். பிறகு மூவரும் காற்றாலைக் காவலாளியிடம் போய், வருகிற ஆடிக் காற்றில் ஓர் ஆட்டோவுக்கு ஆகும் அளவு மின்சாரத்தைத் தனியே எடுத்துவைக்கும்படி மனுக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். நாலு மைலுக்கு ஆளில்லாத பொட்டலில் தனியே இருக்கிறவர் எதையும் வாங்கிக்கொள்வார்.

தங்கபுஷ்பம் மதுரையிலிருந்த கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது: "எங்கள் பதிவின்படி தங்கள் வாகனம் ஒவ்வொரு முறையும் சரியாக நூறு கிலோமீட்டர் ஓடியுள்ளது. இத்தகைய வாகனம் எங்களிடம் வேறொன்றில்லை. வாழ்த்துகள்." அவள் மறுபடி எழுதினாள். மறுபடியும் வாழ்த்து வந்தது. ஏழாவது கடிதத்துக்குப் பிறகு, உத்தரவாதத்தின் கடைசி நாளில், நவநீதன் வந்தார்.

"இதப் பாருங்கம்மா" என்று அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். கோயம்புத்தூர்க்காரர், கோபத்தைக்கூடப் பணிவாகச் சொல்லுகிறவர். "நாப்பத்தேழு தடவையும் நூறு, நூறு, நூறு. ஒரு தடவைகூடத் தொண்ணூத்தொம்பது இல்லீங்க. எங்க முதலாளி இந்தப் பேட்டரியக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு மாலை போடோணும்ங்கறாரு. நீங்க பழுதுங்கறீங்க."

"அதெல்லாம் இவுக தள்ளுனது சார்."

"எவ்வளவு தூரமுங்க?"

"இப்போ அறுபத்திரண்டு கிலோமீட்டர்."

நவநீதன் சிரித்தார். பிறகு தலைவரிடம் திரும்பினார். "ஐயா, வண்டி நூறு கிலோமீட்டர் போகுதுங்களா?"

"போகுது" என்றார் கூத்தபெருமாள்.

"ஏதாச்சும் குறையுதுங்களா?"

"குறைய விட்டுருவோமா?"

"தள்ளுனீங்கன்னு சொல்றாங்களே?"

"தள்ளாம எப்படி சார் போகும்?" என்று கூத்தபெருமாள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். நவநீதனுடைய முகம் இறுகியது. பொய்க் கோரிக்கைகள் பலவற்றைக் கண்டவர் அவர். ஆனால் முட்டாள்களாக நடிப்பதற்கு மூன்று பேரை இவ்வளவு தேர்ச்சியாகப் பழக்கி உட்காரவைத்ததை அன்றுதான் கண்டார்.

"வாதம் வேண்டாமுங்க. வண்டியில முழுச் சார்ஜ் இருக்குது. குளத்தச் சுத்தி ஓட்டிப் பாத்துரலாம். நீங்க மூணு பேரும் பாரமாப் பின்னால ஏறிக்குங்க. ஆனா ஒண்ணு. ஓட்டறவங்களத் தவிர வண்டிய யாரும் தொடக் கூடாது."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மூவரும் ஆட்டோவைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"தொடாம எப்படி அண்ணாச்சி ஏற?" என்றார் மிக்கேல்ராசு.

"ஏறணும்னும் சொல்லுதாரு. தொடக்கூடாதுன்னும் சொல்லுதாரு. ரெண்டும் படிச்ச மனுசன் சொன்னது. ரெண்டையும் செய்யணும்."

வெள்ளத்தாய்க்குத்தான் வழி தோன்றியது. இருக்கையின் மீது ஒரு சாக்கை விரித்தார்கள். சாக்கு வண்டியைத் தொட்டது; அவர்கள் சாக்கைத் தொட்டார்கள். கால்களுக்குச் சாக்குப் போதவில்லை. ஆகவே மூவரும் முழங்காலைக் கட்டிப் பாதங்களை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்த ஏற்பாடு முடியப் பகல் பன்னிரண்டு ஆயிற்று.

குளத்தைச் சுற்றினால் நான்கு கிலோமீட்டர். தங்கபுஷ்பம் ஓட்டினாள், பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து நவநீதன் குறிப்பெடுத்தார். ஐந்தாம் சுற்றில் வெள்ளத்தாய்க்குக் கால் மரத்தது. "மதினி, காலைக் கீழ வையேன்" என்று தங்கபுஷ்பம் கெஞ்சினாள். "நான் வச்சு உன் பேட்டரி போயிரப்படாது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லில் இருந்த அன்பு உண்மையானது. அறிவு வேறு சங்கதி.

பத்தாம் சுற்றின் பாதியில், நூலகத்துக்கு நேர் எதிர்க்கரையில், ஆட்டோ நின்றது. திரையில் முப்பத்தெட்டு. மணி இரண்டரை.

தங்கபுஷ்பம் திரையைச் சுட்டினாள். "பாத்தியளா சார்?"

"பாத்தனுங்க. ஆனா அந்த நாப்பத்தேழு நூறுக்கு என்ன பதில் சொல்றது? ஆபீஸ்ல கேக்கோணும்." நவநீதன் குறிப்பேட்டை மூடி, போன் எடுக்கும் இடம் தேடிக் கரைமேட்டில் ஏறினார். அங்கே ஒரு பெண்குரல், காத்திருக்கும்படி அவரிடம் ஒருமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே குழு திரையைப் பார்த்தது. முப்பத்தெட்டு, நூறு ஆகவில்லை. வெளியூர்க்காரர் முன்னிலையில் ஒரு வாக்குறுதி நடுவழியில் நிற்பதை மூவராலும் பொறுக்க முடியவில்லை.

"தொடக்கூடாதே அண்ணாச்சி" என்றார் மிக்கேல்ராசு.

"சாக்கு இருக்குல்லாவே."

சாக்கை முன்கம்பியில் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். தங்கபுஷ்பம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அண்ணாச்சி! இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்!" என்று கத்தினாள். வெயிலில் கத்துகிற அவளையும் பாதுகாத்தாக வேண்டுமே. ஆகவே வெள்ளத்தாய் அவளை அலாக்காகத் தூக்கி நிழலில் உட்காரவைத்து, கையில் ஒரு முறுக்கையும் கொடுத்தாள்.

நவநீதன் இறங்கிவந்தபோது ஆட்டோ அங்கே இல்லை. முறுக்கோடு அழுதுகொண்டிருந்த தங்கபுஷ்பம் கரைத் திருப்பத்தைச் சுட்டினாள். அவர் ஓடிப்போய்ப் பிடித்தபோது திரையில் முப்பத்தொன்பதரை ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கீங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"நூறுக்கு" என்றார் கூத்தபெருமாள், மூச்சு வாங்கியபடி. "தொடல சார். நல்லாப் பாத்துக்கிடுங்க. சாக்குதான் தொடுது."

நவநீதன் அந்தக் கயிற்றைப் பார்த்தார். தோல் காய்த்திருந்த மூன்று ஜோடிக் கைகளைப் பார்த்தார். பின்னாலேயே ஓடிவந்து நின்ற தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார். நடிப்புக்கு எல்லை உண்டு என்பது அவருக்கு அப்போது விளங்கியது.

"அம்மா... அறுபத்திரண்டு கிலோமீட்டரும் இப்படித்தானுங்களா?"

"பாதி தூரத்துக்கு மேல பாட்டும் பாடுவாக சார்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் எழுதித் தர்றனுங்க. ஆனா உங்க குழுவோட சீல் வேணும். சீல் எங்கீங்க?"

சீல் நூலகத்தில் இருந்தது. அதற்குள் மணி நாலாகிவிட்டது. வண்டியை நடுக்கரையில் விட்டுச் செல்லக் குழு சம்மதிக்கவில்லை. வாதாடி நேரத்தை வீணாக்காமல், பரிசோதகரும் குனிந்து தோள் கொடுத்தார்.

நாலு நாற்பத்தெட்டுக்கு நூலகத்தில் படிவம் விரிக்கப்பட்டது. நவநீதன் தம் பகுதியை நிரப்பிக் கூத்தபெருமாளிடம் நீட்டினார். அதில் குழுவுக்கு ஒரே கேள்வி: வாக்களிக்கப்பட்ட தூரம் கம்பெனியால் அளிக்கப்பட்டதா? ஆம், அல்லது இல்லை.

கூத்தபெருமாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேனாவை 'ஆம்' என்பதன் மேல் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி!" என்று அலறினாள் தங்கபுஷ்பம்.

"பொய்யெழுதச் சொல்லுதியா தாயி? நாப்பத்தேழு நூறு. என் மூணு ஜோடிச் செருப்பு சாட்சி."

நாலு ஐம்பத்திரண்டு. தங்கபுஷ்பத்துக்குப் பீடி இலையின் நெடி மூக்கில் ஏறியது. கத்திப் பயனில்லை என்பதை அந்த ஓராண்டு அவளுக்குக் கற்பித்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே நிதானமாக உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கண்டக்டரா இருந்தவுக. ஒருத்தன் திருநெல்வேலிக்கு டிக்கெட் வாங்குதான். பஸ் நாங்குநேரியில நின்னுபோச்சு. மிச்சத்தை அவன் நடந்தே போறான். பஸ் அவனைத் திருநெல்வேலியில கொண்டுபோய் விட்டுச்சுன்னு எழுதுவியளா?"

கூத்தபெருமாளின் தொழில் மானம் சீண்டப்பட்டது. "அதெப்படி எழுதுவேன்? நாங்குநேரி வரைதான் பஸ். அப்புறம் அவன் காலுல்லா கொண்டுபோச்சு!"

"அப்போ இந்த அறுபத்திரண்டு?"

பேனா அந்தரத்தில் நின்றது. "அது... எங்க காலு."

"அப்போ கம்பெனி?"

கூத்தபெருமாள் எழுந்தே விட்டார். "முப்பத்தெட்டுதான்! ஏ மிக்கேலு, நம்ம கிலோமீட்டரை எல்லாம் அவன் பேருல எழுதிக்கிட்டான்வே!"

"ஒரு வருசமாவா?" என்று மிக்கேல்ராசு நெஞ்சில் கைவைத்தார்.

"பாடுனோமே, அந்தப் பாட்டும் சேத்தா?" என்றாள் வெள்ளத்தாய்.

'இல்லை' என்பதன் மேல் விழுந்த சரிக்குறி தாளைக் கிழித்து மேசையிலும் பதிந்தது. சீல் விழுந்தது. நவநீதன் கையொப்பமிட்டார். புதிய பேட்டரி, ஒரு வாரத்துக்குள். மணி நாலு ஐம்பத்தாறு.

தங்கபுஷ்பம் தாளை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டாள். பின்பு கண்ணை மூடி ஒரு நெடிய மூச்சை, இருமலில்லாமல், உள்ளே இழுத்துவிட்டாள்.

அத்தோடு எல்லாரும் எழுந்து போயிருக்கலாம். பாரம் இறங்கிய நவநீதன், மரியாதைக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

"புது மாடலுங்க. நூறுன்னுதான் போட்டிருக்கும். ஆனா நூத்திப் பன்னண்டு வரைக்கும் தாராளமாப் போகுமுங்க."

கூத்தபெருமாள் மறுபடி உட்கார்ந்தார்.

"வாக்குறுதி எத்தனை?"

"நூறு" என்றார் மிக்கேல்ராசு.

"அப்போ பன்னண்டு யாருது?"

"கம்பெனியோடது."

"நம்மளுத அவன் எடுத்தா அநியாயம். அவனோடதை நாம எடுத்தா?"

"அதுவும் அநியாயந்தான்."

"நூறு ஆனதும் பன்னண்டைப் பின்னால தள்ளிட்டா?" என்றாள் வெள்ளத்தாய்.

"பின்னால தள்ளுனாலும் மீட்டரு ஏறத்தான் மதினி செய்யும். பன்னண்டு, இருபத்திநாலாயிரும்" என்றார் மிக்கேல்ராசு.

கூத்தபெருமாள் தீர்ப்புச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் நூறு முடிஞ்சதும் சாவியை அணைச்சிருவோம். மிச்சப் பன்னண்டை அலுங்காம மதுரைக்குக் கொண்டுபோய்க் கம்பெனியிலயே ஒப்படைச்சிருவோம்."

"மதுரை நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கே அண்ணாச்சி. எப்படிக் கொண்டுபோக?"

"தள்ளித்தான். ஓட்டிட்டுப் போனா அந்தப் பன்னண்டு தீந்துபோயிருமேவே."

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூத்தபெருமாள் பரிசோதகர் பக்கம் திரும்பி, மிகுந்த பொறுப்போடு கேட்டார்:

"சார், கொண்டுவந்தா எங்க இறக்கணும்? முன்வாசலிலயா, பின்வாசலிலயா?"

நவநீதன் மடிக்கணினியை மூடினார். அதைப் பைக்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.